ஆறு ஞாயிறுகள்

அப்பாவின் சட்டையில் பம்மல் பட்டறையின் தோல் வாசனை மட்டும் வீசினால் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் என்று அர்த்தம்; மற்ற மாதங்களில் அதன் மேல் இன்னொரு வாசனை ஏறி உட்கார்ந்திருக்கும், அவர் தெருமுனை திரும்பும்போதே அம்மா என்னை உள்ளே போகச் சொல்லிவிடுவாள். மாதா கோயில் பீடத்தில் பச்சைத்துணி விரித்திருக்கும் நீண்ட பொதுக்காலம் எங்களுக்குப் பயம், வெள்ளை விரிக்கும் கிறிஸ்துமஸ் அதைவிடப் பயம். ஊரெல்லாம் துக்கம் காக்கும் தவக்காலத்து ஊதாவுக்காக நான் ஏங்கிக் கிடந்தேன். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிய கையோடு அப்பா, "நாப்பது நாள் பாட்டில தொட மாட்டேன்" என்பார், தொடவும் மாட்டார். "ஒருசந்தி" என்று ஒருவேளைச் சோறு மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவின் முகம், வருஷத்திலேயே அந்த நாட்களில்தான் தெளிந்திருக்கும்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. வீட்டுக்கு இன்னும் செல்போன் வரவில்லை. கோயிலில் கொடுக்கும் பங்குக் காலண்டர்தான் எனக்கு விளையாட்டுச் சாமான். அதில் விரல் வைத்து எண்ணி, சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை நாற்பத்தாறு வருகிறதே என்று ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் எழுந்து கேட்டேன். டீச்சர் மெச்சிக்கொண்டார். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அதனால் ஆறு ஞாயிறும் நாற்பதில் சேராது என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடிவந்து, சாப்பிட உட்கார்ந்திருந்த அப்பாவிடம் மூச்சு வாங்க ஒப்பித்தேன்.

"ஞாயித்துக்கெழம கணக்குல இல்லியா? யார்மா சொன்னது?"

"டீச்சர்தாம்பா. ஆறையும் கழிச்சாதான் நாப்பது."

"பாத்தியா, நம்ம வூட்லயே ஒரு சிஸ்டரம்மா கீறாங்க!" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தவர், கை கழுவிவிட்டு ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அம்மாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "வாய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டியாடி நீ?"

திங்கட்கிழமை அப்பாவிடம் தோல் வாசனை மட்டும்தான். அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறு திங்களுக்குள் நீண்டது, பிறகு செவ்வாய்க்குள். ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிற்றுக்கு முதல் நாள் காலை, தைரியத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றேன்.

"அப்பா, டீச்சர் தப்பா சொல்லிட்டாங்களாம். ஞாயிறும் சேர்த்திதானாம்."

சிவந்த கண்ணோடு என் தலையைத் தடவினார். "பொய் சொல்லாதம்மா. தவக்காலம்."

மறுநாள் குருத்தோலைப் பவனியில், வராத அவருடைய ஓலையையும் நானே பிடித்துக்கொண்டு நடந்தேன். அதன்பிறகு எந்தச் சாம்பல் புதனிலும் அவர் நாற்பது நாள் என்று சொல்லவில்லை.

அப்பா இறந்து சில வருஷங்களாகின்றன. பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. பம்மலில் எத்தனை தெரு சுற்றினாலும் அந்தத் தோல் வாசனை எனக்குக் கிடைப்பதில்லை. சேலையூரில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு எதிர்வீட்டு அக்கா, தவக்கால ஞாயிறுகளில் பிரியாணிக் கிண்ணத்தோடு வந்து, "இன்னிக்கு சாப்டலாம்டி, நாப்பதுல வராது" என்கிறார்.

"எனக்குக் கணக்கு வராதுக்கா" என்று சொல்லிவிடுகிறேன்.