கிரைண்டர் புஷ்ஷும் ஒரு கீர்த்தனையும்

‘யாரும் அதிகம் கண்டுகொள்ளாத ப்ளூஸ் கலைஞர்கள் நாலு பேரைச் சொல்லுங்களேன்’ என்று நாகர்கோவில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் துயரத்தைப் பாடிய இசையைப் பற்றி நம்மிடமும் ஒருத்தர் கேட்கிறாரே! சனிக்கிழமை குழித்துறைக்கு பஸ் ஏறியபோதுகூட போனில் பட்டியல்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

போனது செல்வின் அண்ணன் வீட்டுக்கு. மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்பவர். அவர் மனைவி ஷீபா மைனி இறந்து ஒரு வருடம். வீட்டில் நினைவு ஜெபம்.

அண்ணன் கிட்டார் வாசிப்பார். பஹ்ரைனில் வேலை பார்த்த காலத்தில் கேம்பில் கூடத் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ் சமையல்காரரிடம் கற்றது. பழைய கிரைண்டரில் கழற்றிய, சின்னக் குழாய் போன்ற பித்தளை புஷ் ஒன்றைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு கம்பிகளின் மேல் வழுக்குவார். ஸ்வரம் நேராக வராது... தயங்கி, இறங்கி, விம்மி வரும். அசல் ப்ளூஸ்!

மைனி படுக்கையில் கிடந்தபோது ஒரு பழைய கீர்த்தனையை இப்படித்தான் வாசித்துக் காட்டுவாராம். ‘இத ஒரு நாள் எல்லாரும் கேக்க வாசிக்கணும்’ என்று மைனி வாக்கு வாங்கியிருந்தார். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் அன்று கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார் அண்ணன்.

சர்ச் பாடகர் குழுவை நடத்துபவர் ஜஸ்டஸ் சார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். சுருதி பார்க்க போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறார். கொஞ்சம் விலகினால் சிவப்பு, சேர்ந்தால் பச்சை. சும்மா விடுவாரா?

அண்ணன் ரெண்டு வரி வாசித்திருப்பார்.

“நிறுத்து மக்கா. கம்பி எறங்கியிருக்கு.”

“சாறே, அது எறங்கல்ல. நான்தான் எறக்குனேன்.”

சார் கேட்டால்தானே! கிட்டாரை வாங்கி, முறுக்கி, பச்சை வந்த பிறகே திருப்பிக் கொடுத்தார். அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். மறுபடி சிவப்பு. மறுபடி கையை நீட்டினார் சார். அண்ணன் கிட்டாரைப் பின்னால் இழுத்ததில் புஷ் கழன்று தரையில் உருண்டது.

நாலு பேர் பட்டியல் போடத் தெரிந்த நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டு பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எழுந்தது மைனியின் தங்கை லில்லி. புஷ்ஷை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள்.

“சாறே, அந்த போன உள்ள வையுங்கோ. எங்க அக்கா வேதனையில மொனங்குனது இப்பிடித்தான் இருக்கும். அதத்தான் அத்தான் வாசிக்காரு. அதுல போயி சிவப்பு, பச்ச பாக்கியளே!”

சார் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

அண்ணன் முழுப் பாட்டையும் வாசித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைசிச் சரணத்தில் சார் தாங்க மாட்டாமல் கூடவே பாட ஆரம்பித்தார் — பாதியில் குரல் உடைந்தது. சுருதியாவது ஒன்றாவது! நிறுத்தச் சொல்லி யாரும் கை நீட்டவில்லை.

காபியும் பன்னும் வந்தபோது அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார் சார்.

“மக்கா, ஞாயித்துக்கெழம கோயில்ல இத வாசிப்பியா?”

“கம்பிய முறுக்க மாட்டியளே?” என்றார் அண்ணன். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்த்தேன்.

பட்டியல் கேட்ட நண்பரே, அந்த நாலு பேருக்கும் மேலே ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறேன். இணையத்தில் தேடாதீர்கள், அகப்பட மாட்டார். வீட்டு கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு குழித்துறைக்குப் போங்கள்... நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை!