தலை உயரத்தில் ஒரு பக்கெட் கரம்பை

என் வீட்டுக்காரருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது ஒரு கருவேல முள்ளால். சர்க்கரை உள்ள உடம்பு. செருப்பைத் துளைத்து ஏறிய முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அன்றைக்குப் பொழுது சாய்கிறவரை உழுதிருக்கிறார். வலிக்கவே இல்லையாம். அந்த வலிக்காததுதான் வியாதி என்று மதுரை ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது வேப்பமரத்தடியில் எங்கள் சின்ன டிராக்டர் நின்றது. முன்னால் மண் அள்ளுகிற பக்கெட் மாட்டிய வண்டி. திருச்சுழி ரோட்டுக்கு உள்ளே எங்கள் ஊரெல்லாம் துண்டு துண்டான புஞ்சை. கோடையில் கண்மாயில் கரம்பை எடுக்க அனுமதி கிடைத்ததும் டிப்பர்காரர்கள் அந்த வண்டல் மண்ணைக் கொண்டுவந்து புஞ்சை ஓரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். பெரிய வண்டி உள்ளே நுழைந்து திரும்ப முடியாது. அள்ளிக்கொண்டு போய் உள்ளே பரத்த எங்களைக் கூப்பிடுவார்கள். அதுதான் எங்கள் கஞ்சி.

கிளச் இடது காலில். அந்தக் கால் இல்லை.

முட்டி தப்பியிருப்பதால், புண் நன்றாக ஆறிய பிறகு செயற்கைக் கால் மாட்டலாம், பழகினால் கிளச் கூட மிதிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைத்தான் இவர் பிடித்துக்கொண்டிருந்தார். இடையில் கொழுந்தன் வந்தார்.

"அண்ணே, நிக்கிற வண்டி துருப்பிடிச்சுப் போகும். அருப்புக்கோட்டையில ஒரு ஆளு கேக்காரு. குடுத்துருவமா?"

இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கொழுந்தன் போன பிறகு என்னிடம் சொன்னார்: "வண்டி வாசல்ல நின்னாத்தான் ஒருத்தன் வந்து கூப்புடுவான். அதும் போச்சுன்னா நான் கட்டில்ல விரிச்சுப்போட்ட பாயி, அம்புட்டுத்தான்."

இவர் பேச்சு எப்போதும் இப்படித்தான். படிக்காத மனிதர்கள் வாயில் இந்த மாதிரி வார்த்தை வரும்போது அதைப் பொத்தி வைத்துக்கொள்வது என் பழக்கம். அன்றைக்கு இதைப் பொத்தி வைக்க முடியவில்லை.

"ஒங்களுக்குக் காலு வார வரைக்கும் நான் ஓட்டுறேன்" என்றேன்.

"நீயா?"

"ஏன், பெடலு என்னைய மிதிச்சுருமா?"

கொழுந்தன், கரம்பை எடுக்கக் கண்மாய் திறக்கிறவரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் நான் பழகாவிட்டால் வண்டி அருப்புக்கோட்டைக்குப் போய்விடும். இவர் ஏறி உட்காருவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

எங்கள் புஞ்சையில் போன வருடத்துக் குவியல் ஒன்று பரத்தாமல் கிடந்தது. இவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஊன்றுகட்டையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு பாடம் எடுத்தார். வலது கைப் பக்கம் ஒரு லீவர். பின்னால் இழுத்தால் பக்கெட் ஏறும், முன்னால் தள்ளினால் இறங்கும். இடப்பக்கம் தள்ளினால் வாயை மடக்கும், வலப்பக்கம் தள்ளினால் கொட்டும்.

"பக்கெட்டப் படுக்க வையி. பல்லு தரையில ஒரசணும், குத்தக் கூடாது. அட, குவியல மோதாத புள்ள! அதுக்குள்ள நொழ. நொழையையிலயே கொஞ்சங் கொஞ்சமா மடக்கு. மம்பட்டி போடுற மாதிரித்தான்."

"நான் எந்தக் காலத்துல மம்பட்டி போட்டேன்?"

பக்கெட் தரையில் குத்தும், வண்டி முன்னால் குனியும், எஞ்சின் நின்றுபோகும். பக்கத்துப் புஞ்சைக்கார அக்கா காய்ந்த பருத்திமாரைப் பிடுங்குவதை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"ஏ தங்கச்சி, என்ன ஒன் வண்டி விழுந்து விழுந்து கும்புடுது? எந்தச் சாமிக்கு வேண்டுதலு?"

"வாத்தியாருக்குத்தான் கும்புடுது மதினி" என்றார் இவர். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பும் தங்கவில்லை, உடனே ஓடிவிட்டது. எஞ்சின் ஒவ்வொரு முறை திணறும்போதும் நான் இவரைத் திரும்பிப் பார்ப்பேன். நாற்காலியில் இவருடைய இடது தொடை இறுகி இறுகித் தளரும். கீழே ஒன்றும் இல்லாத அந்தக் கால் கிளச்சை மிதித்துக்கொண்டிருந்தது.

அள்ளுவது ஒருவழியாகக் கைக்கு வந்தது. ஒரு காலையில் பக்கெட் விளிம்பு வரை கரம்பை நிரம்பி, சிந்தாமல் மேலே வந்தது. "அப்பிடிப் போடு! போ, அந்தக் கடைசியில கொண்டுபோய்க் கொட்டிட்டு வா" என்றார் இவர். குனிந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார்.

எங்கள் பக்கத்தில் மண் வேலை என்றால் ஆம்பளை வெட்டி நிரப்புவான், பொம்பளை சுமப்பாள். கண்மாய் வேலை ஆகட்டும், ரோட்டு வேலை ஆகட்டும், சட்டி நிறைந்ததும் அது எங்கள் தலைக்கு வந்துவிடும். சுமை இடுப்பில் இருந்தால் இழுக்கும். கையில் தொங்கினால் தோள் கழன்றுபோகும். தலைக்கு ஏறிவிட்டால் கழுத்து பார்த்துக்கொள்ளும், நாம் பாட்டுக்கு நடக்கலாம். சின்ன வயசில் இருந்து என் உடம்பு படித்த படிப்பு அது ஒன்றுதான்.

லீவரைப் பின்னால் இழுத்தேன். பக்கெட் பானெட்டைத் தாண்டி என் தலை உயரத்துக்கு வந்து நின்றது. அப்போதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. அடியில் வழியும் நன்றாகத் தெரிந்தது. கிளம்பிவிட்டேன்.

இவர் ஓட்டிய காலமெல்லாம் சுமையை முழங்கால் உயரத்தில் வைத்துத்தான் போயிருக்கிறார். அதை ஒருத்திக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றே இவருக்குத் தோன்றவில்லை. நானும் கஞ்சித் தூக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவளே ஒழிய, பக்கெட் எந்த உயரத்தில் போகிறது என்று பார்த்தவள் இல்லை.

பழைய வாய்க்கால் ஒன்று தூர்ந்து மேலே மண் மூடிக் கிடந்தது. இடது முன்சக்கரம் அதற்குள் இறங்கியது. மேலே இருந்த சுமை இடது பக்கம் தள்ள, வண்டி அதோடு சாய்ந்தது. பின்னால் வலது சக்கரம் தரையை விட்டது என் இடுப்புக்குத் தெரிந்தது. கால் இடறும்போது செய்கிற மாதிரி நான் கழுத்தை மறுபக்கம் ஒடித்தேன். வண்டிக்கு ஏது கழுத்து?

"எறக்கு! ஏய், எறக்கு! எறக்குடி!"

லீவரை முன்னால் அறைந்தேன். பக்கெட் பொத்தென்று விழுந்து புழுதி எழும்பியது. தூக்கி நின்ற சக்கரம் தரையில் மோதியது. எஞ்சின் அணைந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லத் திரும்பினேன். நாற்காலியில் ஆள் இல்லை.

என்னைப் பிடிக்க ஓடியிருக்கிறார். கால் இல்லை என்பதை மறந்து எழுந்து, இல்லாத காலை ஊன்றியிருக்கிறார். கரிசல் கட்டி காய்ந்தால் கல். அதில் போய்க் குத்தித் தையல் பிரிந்திருந்தது. புண்ணுக்குள் மண். பக்கத்துப் புஞ்சை அக்கா ஓடிவந்து தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினார். ஷேர் ஆட்டோ பிடித்து அருப்புக்கோட்டை, அங்கிருந்து மதுரை. ஆட்டோவில் இவர் தன் காலைப் பார்க்கவே இல்லை. என் கையையும் காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வார்டில் கிடக்கும்போது கேட்டார்: "ஏ புள்ள, சொமைய எதுக்கு அம்புட்டு ஒசரம் தூக்குன?"

"பெறகு, சொமைய எங்கிட்டுத் தூக்குவாக?" என்றேன். கையை என் தலைக்கு மேலே வைத்துக் காட்டினேன்.

என் தலையைப் பார்த்தார். "ஆமா. நான் சட்டிய நெரப்பி விட்டதோட சரி. நீங்க அத எப்படிக் கொண்டு போனீகன்னு ஒரு நாளும் பாத்ததில்ல" என்றார். சிரிப்பது போல ஆரம்பித்தது, சிரிப்பாக முடியவில்லை.

புண் ஆறவில்லை. மண் உள்ளே போன இடம் சீழ் வைத்து மேலே ஏறியது. முட்டிக்கு மேலே எடுத்தார்கள். இனி கால் மாட்டினாலும் நடக்கலாம், அவ்வளவுதான். வண்டி வேண்டாம் என்றார் டாக்டர்.

கண்மாய் திறந்தது. வண்டி அருப்புக்கோட்டைக்குப் போகவில்லை. பக்கெட்டை முழங்கால் உயரத்தில் வைத்துக்கொண்டு, எம்.ரெட்டியபட்டி வரைக்கும் போய்க் கரம்பை பரத்திக் கொடுத்தேன். இப்போதும் சுமை கீழே போவதைப் பார்த்தால் என் கழுத்துக்குப் பொறுக்காது. வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் இவருடைய போனுக்குத்தான் கூப்பிடுவார்கள். "இருங்க, வண்டிக்காரிகிட்ட குடுக்கேன்" என்பார். முதலில் கேலியாகச் சொன்னார். பிறகு அதில் கேலி இல்லை.

புஞ்சைப் பக்கம் இவர் வருவதே இல்லை.

நான் குட்டை. பெடல் எட்ட வேண்டும் என்றால் சீட்டுக்கு அடியில் இருக்கிற கம்பியைத் தூக்கி சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். பொழுது சாய வீட்டுக்கு வந்ததும், இறங்கி, அதைப் பழையபடி இவர் அளவுக்குப் பின்னால் தள்ளிவிடுவேன். வண்டி வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் தள்ளிக்கொண்டுதான் இருந்தேன். 'டக்' என்று விழும் அந்தச் சத்தம் உள்ளே கட்டில்வரை கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் உள்ளே இருந்து கூப்பிட்டார்.

"ஏ புள்ள."

"என்னங்க?"

"அந்த சீட்டப் பின்னால தள்ளாத."

என் கை சீட்டின் மேலேயே இருந்தது.

"தெனமும் முன்னால இழுத்து, பின்னால தள்ளி, அந்தக் கம்பி தேஞ்சுபோச்சுன்னா வண்டி ஓடுறப்ப சீட்டு நழுவும். ஒன் அளவுலயே கெடக்கட்டும்."

அன்றைக்கு ஏற்கெனவே தள்ளிவிட்டிருந்தேன். குனிந்து கம்பியைத் தூக்கி, சீட்டை மறுபடி முன்னால் இழுத்தேன். டக்கென்று விழுந்தது. இவருக்குக் கேட்டிருக்கும்.