சூரியகாந்திக்குப் பின்னால் நின்ற மாமா

எங்கள் குடும்பத்தில் படம் பிடிக்கத் தகுதியுள்ளதாக ஒருவர் கண்டுபிடித்த முதல் ஜீவன் ஒரு சூரியகாந்திச் செடி. நாங்கள் அதற்குத் துணையாகப் போய் நின்றவர்கள்தான்.

அப்போது வெள்ளைக்காரர்கள் மலாயாவில் அறிவித்த அவசரகாலம். மலாக்காவில் எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி அடித்து, கேட்டில் காவல் போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, வேலைக்குப் போகிறவர்களின் துணிப்பையைக்கூட உதறிப் பார்ப்பார்கள். எனக்கு எட்டு வயது. கம்பி வேலி எல்லா ஊரிலும் இருப்பதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் தம்பி அந்த வருஷம்தான் மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கே வேலை கிடைக்கவில்லை என்று வந்ததாக அப்பா நம்பினார். மாமா அங்கே தொழிற்சங்கத்துக்காகக் கூட்டத்தில் பேசியவர், போலீஸ் அவரைத் தேடுகிறது என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்தபோது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. பேர் ஊர் கேட்காமல் கூலிக்கு ஆள் வைக்கும் ஒரு காண்டாக்குக்காரரிடம் மாமா புல் வெட்டப் போனார்.

கிளிக்குப் போடுகிற விதையில் நாலைக் கடையில் கேட்டு வாங்கிவந்து ஊன்றியவரும் அவர்தான். மூன்றை எலி தின்றது. மிஞ்சிய ஒன்று அப்பாவைவிட உயரமாக வளர்ந்து, சோற்றுத்தட்டு அகலத்துக்குப் பூத்தது. மொட்டாக இருந்தவரை வெயில் போகிற பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்த செடி, பூத்த பிறகு கிழக்கே பார்த்தபடி நின்றுவிட்டது. சாயங்காலத்தில் அதைத் 'திரும்பு, திரும்பு' என்று நான் திட்டிக்கொண்டிருப்பேன்.

புதிதாக அடையாளக் கார்டு எடுப்பவர்களுக்குப் படம் பிடிக்க மலாக்கா டவுனில் தெங்கேராவிலிருந்து ஒரு படக்காரர் தோட்டத்துக்கு வந்தார். வந்த வேலையை முடித்துவிட்டு எங்கள் பூவையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"இப்ப எடுத்தா பூவோட முதுகுதான் விழும்லா. லீவு நாள்ல காலையில வர்றேன். குடும்பத்தோட குளிச்சி ரெடியா நில்லுங்க. இனாம்தான், எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு."

இனாம் என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. படம் பிடித்தால் ஆயுள் குறைந்துவிடும் என்று லயத்தில் பலருக்குப் பயம் உண்டு. லீவு நாள் காலையில் மாமா தயங்கி நின்றதும் அப்பா பிடித்துக்கொண்டார்.

"என்னா மச்சான், ஆயுசு கொறைஞ்சிடும்னு பயமா?"

"ஆமா மச்சான், பயம்தான்," என்று மாமா சிரித்தார்.

"அவனுக்குப் புடிக்கலன்னா விடுங்களேன்," என்றாள் அம்மா.

"குடும்பப் படம்லா! ஒன் தம்பி இல்லாம எப்படி?"

அப்பா அன்பாகத்தான் கூப்பிட்டார். அன்பாகக் கூப்பிடுகிறவரை அம்மா என்ன சொல்லித் தடுப்பாள்?

மாமா எங்களுக்கெல்லாம் பின்னால், பூவின் மறைவில் போய் நின்றார். படக்காரருக்குப் பூ முழுசாகத் தெரிந்தது; அவருக்கு அது போதும். நான்தான் திரும்பிப் பார்த்தேன். மாமாவின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் பூ இருந்தது. ஐயோ பாவம், மாமா படத்தில் வரமாட்டாரே என்று, கோழியின் கழுத்தைப் பிடிப்பதுபோல் செடியின் தண்டைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். அந்த நேரம் பார்த்துப் படக்காரர் படத்தை எடுத்துவிட்டார்.

"கெட்டிக்காரப் புள்ள! எல்லா மூஞ்சியும் விழுந்திருச்சி."

வாழ்க்கையில் என்னை யாரும் அத்தனை மனதாரப் பாராட்டியதில்லை.

ஒரு படம் எங்கள் வீட்டுச் சுவருக்கு வந்தது. பூ அவ்வளவு துல்லியமாக விழுந்திருந்ததால், தன்னுடையதைப் பெரிதாக்கித் தெங்கேராவில் கடைக் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டார் படக்காரர். அப்பா சலவைச் சட்டை போட்டு என்னை பஸ்ஸில் அழைத்துப்போய்க் காட்டினார். போகிற வருகிறவர்களிடமெல்லாம், "இது நாங்கதான், இது எங்க மாமா" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். வீட்டுக்கு வந்து அப்பா பெருமையோடு சொன்னபோதுதான் அம்மாவுக்கு விஷயமே தெரிந்தது. கையிலிருந்த அரிசியை முறத்தோடு கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாமாவோடு பழைய தோட்டத்தில் வேலை பார்த்து, பிறகு போலீசுக்கு ஆள் காட்டிப் பிழைத்த ஒருவன் அந்தக் கடை வழியாகப் போயிருக்கிறான். அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்துக் காலையில் போலீஸ் லாரி வந்தது. மாமா ஓடவில்லை. வேலி இருந்தது, ஓடியும் பயனில்லை. சில மாதம் அடைத்து வைத்திருந்துவிட்டு, கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர் பிறந்தது மலாக்காவில். தான் பார்த்தே இராத அந்த நாட்டில் மூன்றாம் வருஷம் காய்ச்சலில் செத்துப்போனார்.

லாரி வந்த அன்று, சுவரில் இருந்த படத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். லயத்துப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். நான் வாசலில் புரண்டு புரண்டு அழுதேன். பக்கத்து வீட்டு அத்தை என்னைத் தூக்கிக்கொண்டு, "ஏன்டி இப்படி அழுவுது?" என்று கேட்டாள்.

"அவ மாமனுக்காக அழுவுறா. அவனுக்கு இவ மேல உசுரு," என்றாள் அம்மா.

எனக்குப் பொய் பிடிக்காது. அழுகையை நிறுத்திவிட்டு, "மாமாவுக்காக இல்ல. என் படத்த எடுத்துட்டுப் போயிட்டாங்க!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அத்தை என்னைக் கீழே இறக்கிவிட்டாள். அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குச் சோறு போடத்தான் போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.