பழுதில்லாத டிஸ்க்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். மயிலிட்டியில் மீன் ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் கணினிகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பிழை என்னுடையதாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எங்கள் மின்னஞ்சல் சேர்வரின் தரவுத்தளம் சிதைந்தது. திருத்தினேன், மறுபடியும் சிதைந்தது. "இன்னொருக்கா மெயில் நிண்டால் வேறை ஆளைப் பாப்பன்," என்றார் முதலாளி. புதிதாக வாங்கிய ஹார்ட் டிஸ்க்தான் பழுது என்று முடிவுகட்டி, யாழ்ப்பாணத்துக் கடைக்குக் கொண்டுபோனேன்.

"பழுதானதை ஏமாத்தி வித்திருக்கிறியள்!" ஆட்கள் நிறைந்த கடையில் கத்தினேன். கடைக்காரர் அதைச் சோதித்துவிட்டு வேறொன்று தந்தார்.

அதிலும் அதே சிதைவு. ஒரு மத்தியானம் சேர்வருக்கு முன்னால் இருந்தபோது, பக்கத்து ஐஸ் தொழிற்சாலையின் மோட்டார் ஓடத் தொடங்கியது. விளக்கு மங்கியது, சேர்வர் நின்றுபோய்த் திரும்ப இயங்கியது. இப்படித் திடீரென நிற்பதால்தான் தரவுத்தளம் சிதைந்திருக்கிறது. மின்சாரம் குறையும்போது தாங்கவேண்டிய யு.பி.எஸ். பற்றரி செத்துக் கிடந்தது. அதைக் கவனிப்பது என் வேலை.

பற்றரி வாங்க அதே கடைக்குப் போனேன்.

"டிஸ்க் நல்லதெண்டு உங்களுக்கு அப்பவே தெரியுமோ, அண்ணை?"

"ஓம் தங்கச்சி."

"பிறகேன் மாத்தித் தந்தனீங்கள்?"

"நான் சொன்னால் கேட்டிருப்பியளே?" என்று சிரித்தார். "நீங்கள் கத்தினதைப் பாக்க, உங்கடை வேலை போகப்போகுதோ எண்டு நினைச்சன்."

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். "பற்றரி என்ன விலை?" என்றுதான் கேட்டேன். பற்றரியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இப்போது சேர்வர் ஒழுங்காக ஓடுகிறது. முதலாளி என்னைக் கெட்டிக்காரி என்கிறார். அன்று கடையில் நின்றவர்களுக்கு அந்தக் கடைக்காரர் இன்னும் பழுதுச் சாமான் விற்கிறவர்தான். உண்மையைச் சொல்ல, அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது.