சீனக் கல்யாணத்தில் கெட்டிமேளம்

2017ஆம் ஆண்டு, இத்தாலியின் பலெர்மோவில் வெயில் இன்னும் முறைக்கத் தொடங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சீன உணவக மண்டபத்தில் கல்யாணம். பாட்டுப் போட நான் போயிருந்தேன்.

கிழமை நாட்களில் பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கம் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டைக் கூட்டித் துடைப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களின் கல்யாணம், சாமத்தியவீடு என்கிற பூப்பு விழா, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுவேன். நான் வழக்கமாக வயர் வாங்குகிற சீனக் கடைக்காரரின் மகளுக்குத்தான் அன்று கல்யாணம். என் ஸ்பீக்கர் ஒருமுறை அவருடைய கடைக் கண்ணாடியை அதிரவைத்ததாம். அந்தத் தகுதியிலேயே என்னைக் கூப்பிட்டார்.

எனக்குச் சீன மொழி ஒரு சொல்லும் தெரியாது. ஒரு வாரம் முன்பே மணப்பெண் ஒரு பென்டிரைவ் தந்து, எந்தப் பாட்டு எப்போது என்று பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தாள். இங்கேயே வளர்ந்தவள், மீன் சந்தைக்காரர்களைப் போல இத்தாலியன் பேசுவாள். அவள் சொன்னதை எங்கள் பேச்சில் தருகிறேன்.

“இது தாய்வான் பாட்டு. பாடுறவர் வாய்க்குள்ளதான் முணுமுணுப்பார். ஸ்பீக்கர் பழுதெண்டு நினைச்சுக் கழட்டிப் போடாதேங்கோ. இது ஹொங்கொங். போட்டால் மாமாமார் கண்ணை மூடிக்கொண்டு கையை இறுக்கிப் பொத்திப் பாடுவினம். இது பழசு, அம்மாமார் எல்லாருக்கும் மனப்பாடம். இந்தக் கடைசிப் பாட்டு, நாங்கள் தேத்தண்ணி குடுத்து முடிஞ்ச உடனை. அப்ப ஒரு மைக் எனக்கு வேணும்.”

மைக் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தக் கிழமை முழுவதும் காதில் வயரைச் செருகிக்கொண்டு சீனப் பாட்டோடுதான் நிலம் துடைத்தேன். நன்றாகத்தான் இருந்தன. அதிலும் அந்தக் கடைசிப் பாட்டு, மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற மெட்டு, என்னை அறியாமலே வாயில் வந்தது. சிஞ்ஞோரா அதைக் கேட்டுவிட்டு, உங்கள் தமிழ் எவ்வளவு இனிமையான மொழி என்றார். நான் மறுக்கவில்லை. மொழிக்கு ஒரு நல்ல பெயர் வருகிறது, ஏன் கெடுக்க வேண்டும்?

கல்யாணம் அழகாகப் போனது. தாய்வான்காரர் முணுமுணுத்தார். ஹொங்கொங் பாட்டுக்கு, அவள் சொன்னபடியே, மாமாமார் கையைப் பொத்தினார்கள். பிறகு சிவப்பு உடுப்பில் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் முழங்காலிட்டு, இரண்டு பக்கத்துப் பெற்றோருக்கும் தேநீர் கொடுத்தார்கள். கடைக்காரர் தன் கோப்பையை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். மணப்பெண் கேட்டிருந்த மைக்கை அவளிடம் கொடுத்துவிட்டு நான் கடைசிப் பாட்டைப் போட்டேன். சுவரில் இருந்த பெரிய திரையில் பாட்டின் வரிகள் ஓடத் தொடங்கின.

என் கைத்தொலைபேசியில் புதிதாக ஒரு மொழிபெயர்ப்புச் செயலி இருந்தது. எழுத்துக்கு நேரே பிடித்தால் அது இத்தாலியனில் காட்டும். சும்மா இருக்க முடியாத கை, திரைக்கு நேரே பிடித்தது. அது காட்டியது இதுதான்: நீ போகிறாய். திரும்பிப் பார்க்காதே. உன் அறையில் இனி விளக்கு எரியாது.

எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுகிற நேரம் ஒருவர் தும்மினாலே முகங்கள் மாறும். அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே அந்த நேரம் மேளத்தை முழக்குகிறோம்? இங்கே நான் மாலையும் கழுத்துமாக நிற்க வேண்டிய இரண்டு பேருக்கு, அறைக்குள் விளக்கு அணைகிறது என்று ஸ்பீக்கர் வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிழையான பாட்டைப் போட்டுவிட்டேன் என்றே நம்பினேன். நாளைக்கு இந்தக் கல்யாணம் முறிந்தால் பழி யாருக்கு? அதற்குப் பிறகு இந்தத் தெருவில் எந்தச் சீனர் எனக்கு வயர் விற்பார்?

பலெர்மோவில் கல்யாணத்துக்கு நாதஸ்வரக்காரருக்கு எங்கே போவது? ஆகவே கெட்டிமேளத்தின் பதிவு ஒன்றை மடிக்கணினியில் ஒரே விசையில் முழங்கும்படி வைத்திருப்பேன். மூளை யோசிப்பதற்கு முன் விரல் அந்த விசையில் விழுந்தது. சத்தத்தை எவ்வளவு கூட்டலாமோ அவ்வளவும் கூட்டினேன்.

தவிலும் நாதஸ்வரமும் மண்டபத்தை நிறைத்தன. கைக்குழந்தை ஒன்று வீரிட்டது. பரிமாறுகிற பெண் தட்டத்தோடு சுவரில் ஒட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையின் தாத்தா மட்டும் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதிதான் என்று நினைத்து அழகாகக் கை தட்டினார்.

ஸ்பீக்கர் தூக்க என்னோடு வந்திருந்த கூட்டாளி கிட்ட வந்து காதுக்குள் கத்தினான்.

“மச்சான், ஆருக்கடா தாலி கட்டுறாய்?”

“பாட்டு அபசகுனமடா!”

“அது கிடக்கட்டும். அங்கை பார், அந்தாள் மைக்கோட நிக்குது.”

ஸ்பீக்கருக்கு மறுபக்கம் எட்டிப் பார்த்தேன். கடைக்காரர் மண்டபத்தின் நடுவில் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, வாயைத் திறந்து, பாட ஆயத்தமாக நின்றார். நான் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அவர் வாயை மூடினார். மைக்கை மேசையில் வைத்துவிட்டு மூலையில் ஒரு கதிரையில் போய் அமர்ந்தார்.

மணப்பெண் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“என்ன செய்தனீங்கள்? அப்பா பாட வேணும்!”

எங்கள் வழக்கத்தை மூச்சு வாங்க விளக்கினேன். போகிறாய், விளக்கு எரியாது, கல்யாண வீட்டில் இப்படி வரலாமா என்றேன்.

“நல்ல பாட்டெண்டு ஊர் முழுக்கச் சொல்லுற எங்கட பாட்டு எல்லாம் பிரிவுதான். அதைத் தள்ளினால் விளம்பரப் பாட்டுத்தான் மிஞ்சும்,” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “நாளைக்கு நான் புருசனோட வடக்கை மிலானோவுக்குப் போறன். அப்பா ஒண்டும் கதைக்கமாட்டார். இதைத்தான் கடையைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கை பாடிப் பழகினவர். இனி எழும்பமாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.”

அவள் போய்க் கூப்பிட்டாள். அவர் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிச் சாப்பிடப் போகச் சொன்னார். வாங்கிய வயரை மாற்றக் கொண்டுபோனால் காட்டுகிற அதே முகம்.

“இப்ப நீதான் பாட வேணும்,” என்றான் கூட்டாளி. அவன் சிரித்துக்கொண்டே பகிடிக்குத்தான் சொன்னான். என் நிலைமையில் பகிடி எது, யோசனை எது என்று பிரிக்கத் தெரியவில்லை. பாட்டை மறுபடி தொடக்கத்திலிருந்து போட்டேன். மைக்கை எடுத்தேன். நிலம் துடைத்தபோது வாயில் ஒட்டிய மெட்டில், எனக்குச் சீன மொழியாகத் தோன்றிய ஏதேதோ சத்தங்களைப் போட்டுப் பாடினேன். முதல் வரியில் சிரிப்புக் கிளம்பியது. இரண்டாவது வரியில் மாமாமார் நெற்றியில் கை வைத்தார்கள். மூன்றாவது வரியில் கடைக்காரர் எழுந்து நேராக வந்து, என் முகத்தைக்கூடப் பாராமல், மைக்கைப் பறித்தார்.

பாடினார். சுருதி அங்குமிங்கும் போனது. வெளியேறும் கதவுக்கு மேலே எரிந்த பச்சை விளக்கைப் பார்த்தே முழுவதையும் பாடினார். மகள் பக்கம் திரும்பவில்லை. அவள் வெறும் தேநீர்க் கோப்பை ஒன்றைக் கையில் வைத்தபடி கடைசிவரை நின்றாள். முகப்பூச்சு கரைந்து கன்னத்தில் இறங்கியதை அவள் துடைக்கவில்லை. நான் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

முடிந்ததும் அவர் மைக்கைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். “சத்தம் கூடிப் போச்சு,” என்று மட்டும் இத்தாலியனில் சொன்னார். மேளத்தைச் சொன்னாரா, தன் பாட்டைச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

நீ போகிறாய் என்று மகளிடம் வாய்விட்டுச் சொல்ல ஒரு தகப்பனுக்குக் கல்யாண நாளைவிடப் பொருத்தமான நாள் கிடையாது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் அப்படியொரு வரி மறுபடி திரையில் வந்தால், மேள விசைக்குப் பக்கத்தில் இருக்கிற என் விரல் அதை ஒப்புக்கொள்ளுமா என்பதற்கு இன்றுவரை என்னால் பொறுப்பு ஏற்க முடியவில்லை.