எட்வின் போட்ட பந்தி

கதிரவனின் போன் வந்தபோது, பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைக் கன்னாபின்னாவென்று அடுக்கியிருந்த பேக்கிங் ஆட்களிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். "எட்வின் சார் போயிட்டாருங்க" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லையாம். அதைக் கேட்ட பிறகும், அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டாரா என்றுதான் என் வாய் கேட்டது. "இனிமே ஏதுங்க ஞாயித்துக்கெழம? பந்தியே அவருதானே" என்று சொல்லி அழுதுவிட்டார்.

விருத்தாசலத்தில் எட்வினைத் தெரியாதவர்கள் குறைவு. எங்கள் செராமிக் யூனிட்டில் பீங்கானுக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் கலவை போட்டவர். சர்ச் பாடல் குழுவில் சுருதிக்குச் சற்றுத் தள்ளியே பாடியவர். அவரோடு பாடியவர்கள் இதற்காக என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஞாயிறு மதியம் அவர் வீட்டில் கூடிய எங்கள் ஆறு பேருக்கு அவர் வேறு ஆள். அந்த எட்வினைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை.

பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் கதிரவன்தான் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தார். பூதமும் மந்திரமும் படம் போட்ட அட்டைகள். அவரவர் வாங்கிச் சேர்த்த அட்டைகளில் ஒரு கட்டுத் தயார் செய்து எதிராளியோடு மோத வேண்டும். "என்ன, ரம்மியா?" என்று எட்வினின் மனைவி ஸ்டெல்லா முதல் நாள் முறைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கதிரவனிடம் நல்ல அட்டைகள் குவிந்திருந்ததால் அவரே ஜெயித்துக்கொண்டிருந்தார். எட்வினுக்கு அது பொறுக்கவில்லை. "எல்லாத்தையும் ஒரே பெட்டியில கொட்டுங்க. எது இருக்கணும், எது கூடாதுன்னு நாமளே முடிவு பண்ணுவோம்" என்றார். பெட்டியிலிருந்து ஆளுக்கு ஒரு சிறு கட்டு. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். இப்படிக் கட்டுகள் சுற்றிச் சுற்றி வரும். கைக்குச் சேர்ந்ததை வைத்துத்தான் ஆட்டம். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஆள் தள்ளுவதால் அதற்குப் பந்தி என்று பெயர் விழுந்தது. "பந்திக்கு முந்து" என்று சொல்லி எல்லோருக்கும் முன்னால் வந்து உட்காருவார் கதிரவன்.

பெட்டி அமைத்தவர் எட்வின். முதல் பெட்டி படுதோல்வி. நல்ல அட்டைகளாகவே பொறுக்கிப் போட்டிருந்தார். கையெல்லாம் பெரிய பெரிய பூதங்கள். அவற்றை இறக்கச் சக்தி தரும் சின்ன அட்டைகள் யாரிடமும் இல்லை. ஆளையாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எட்வின் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்: "எல்லாருக்கும் பாயாசம் ஊத்திட்டு சோறு வைக்க மறந்துட்டேங்க!"

அடுத்த கூத்து கைப்பழக்கத்தால் வந்தது. முதல் சுற்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. எங்கள் ஆட்களுக்கு இடது கையால் ஒருவருக்கு ஒன்றை நீட்ட வருமா? விதியை நினைத்தவர்கள் இடப்பக்கம் தள்ள, பழக்கத்தில் இருந்தவர்கள் வலப்பக்கம் நீட்டினார்கள். ஒருவர் முன்னால் இரண்டு கட்டு, இன்னொருவர் முன்னால் ஒன்றுமில்லை. பத்து முறை சொல்லிப் பார்த்தும் திருந்தவில்லை. "ஆளை மாத்த முடியாதுங்க. விதிய மாத்துவோம். எப்பவும் சோத்துக்கைப் பக்கந்தான்" என்றார் எட்வின். எல்லாச் சுற்றும் ஒரே பக்கம் போனால் கடைசிவரை ஒரே ஆள் விட்டதுதானே கிடைக்கும் என்று நான் சண்டை போட்டேன். "ஆமா. பக்கத்து எலைக்கு என்ன மிச்சம் வெக்கிறோம்னு பாத்து எடுக்கணும்" என்றார்.

அதற்காகப் பெட்டியையே திருத்தினார். கிளேஸ் சோதனையில் ஒரு சூளைக்கு ஒரு பொருளைத்தான் மாற்றுவார்; அதே போல ஒரு ஞாயிற்றுக்கு ஒரு அட்டை. ஒருமுறை, தனக்கு உயிரான நெருப்புப் பறவை அட்டையை எடுத்து ஓரமாக வைத்தார். அது யார் கைக்குப் போகிறதோ அவரே ஜெயித்துக்கொண்டிருந்தார். அது இருக்கட்டும் என்று நாங்களே கெஞ்சினோம். "ஒருத்தர் ஜெயிக்கிறதுக்கு மத்தவங்க எதுக்கு பஸ்ஸு புடிச்சு வந்தாங்க?" என்று கேட்டார்.

எனக்கு இடப்பக்கம் எப்போதும் எட்வின்தான். ஆகவே இத்தனை வருடங்களாக என் கைக்கு வந்தவை எல்லாம் அவர் விட்டவை. அவர் எதை எடுத்தார் என்று பார்த்ததில்லை. எதை விட்டார் என்பது எனக்கு மனப்பாடம். அட்டைகளில் பல நிறங்கள் உண்டு; நான் நீலத்தை வைத்து ஆடுபவள். நல்ல நீல அட்டை ஒன்று மூன்றாம் கை, நான்காம் கையிலும் தப்பி வரும். "எனக்காக விட்டீங்களா சார்?" என்று கேட்டால், "அய்ய, எனக்கு ஒதவலைங்க, அதான்" என்பார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். காது மடல் சிவந்துவிடும்.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த அடுத்த ஞாயிறு பெட்டியை என்ன செய்வது என்று பேசக் கூடினோம். அட்டைகளை அவரவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் கதிரவன். பிரித்துவிட்டால் எட்வின் அமைத்தது என்று சொல்ல உலகத்தில் ஒன்றும் இருக்காது. அப்போது டீ கொண்டுவந்த ஸ்டெல்லா தட்டைக் கீழே வைத்தார். "அவரு ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து சேத்தது. பிரிக்கவாணாம். ஆளு கொறையுதுன்னா நான் உக்கார்றேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

எனக்கு இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டைப் பிரித்து வெகுநேரம் படம் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார். "சாந்திக்கா, உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க. அத விட்டுடறேன்."

எட்வினிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: எதை எடுப்பதற்கு முன்னாலும் வலப்பக்கம் திரும்பி, அடுத்து இருப்பவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிடுகிறேன். ஆனால் அன்று ஸ்டெல்லாவிடம், "உங்களுக்குப் புடிச்சத எடுங்க" என்று மட்டும் சொன்னேன். எனக்கு வேண்டியது அந்த அட்டைக் கட்டுக்குள் இல்லை. அது ஸ்டெல்லாவுக்கும் தெரியும்.