மேல் ஊர் மாப்பிள்ளை

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பேசிய மாப்பிள்ளை சுவிஸில் இருந்தார். சூரிச்சாய் இருந்திருந்தால் அப்பா ஒரே நாளில் விசாரித்து முடித்திருப்பார். இவரோ ஜெர்மன் பேசுகிற மலைப்பக்கத்தில், நான்கு ஊர்களுக்கு ஒரு கிராம சபை என்றிருந்த இடத்தில், எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஊரில் சீஸ் செய்யும் வேலையில் இருந்தார். நான்கு ஊருக்கும் அவர் ஒருவர்தான் தமிழர். யாரிடம் விசாரிப்பது?

விசாரிக்காமல் பொம்பிளை கொடுக்க ஏலாது என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். கலியாணம் பேசிய சூரிச் மாமிகூட அவரை இரண்டு தரந்தான் கண்டிருந்தா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதமாகக் கடிதம் எழுதி, சனிக்கிழமைகளில் அவர் போனில் கதைக்கும் குரலைக் கேட்கவென்றே அன்றைய வேலையை விட்டவள் நான். அப்பா வேண்டாம் என்றால் என் கதை அவ்வளவுதான்.

கனடாவில் நாங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டிலிருந்து அப்பாவைப் பெரிய நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே வெளிநாட்டு டெலிபோன் புத்தகங்கள் இருந்தன. நான்கு ஊரும் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிட்டன! எங்கள் மாடிக் கட்டடத்திலேயே அதைவிடக் கூட ஆட்கள். எல்லாம் ஜெர்மன். விளங்கிய ஒரே சொல் ஹோட்டல், அதுவும் மலையடியில் கீழ் ஊரில். ஹோட்டல்காரருக்கு இங்கிலீஷ் தெரியாமல் இராது என்று இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்தோம்.

ஞாயிறு காலை போன் எடுத்தேன். முதலாளிதான் பேசினார். மேல் ஊர்த் தமிழரைத் தெரியுமா என்று கேட்டதுதான் தாமதம், மனுசன் பொரிந்து தள்ளினார். மேல் ஊர்க்காரர் எல்லாரும் பிடிவாதக்காரராம், கஞ்சராம், ஊற்றுத் தண்ணீரைத் தங்கள் பக்கம் திருப்பினவர்களாம். இவனும் அந்தக் கூட்டந்தானாம். வருசா வருசம் ஊர்களுக்கிடையே நடக்கும் கயிறிழுப்பில் அவர்களுடைய கயிற்றின் கடைசியில் நின்று இறுக்கிப் பிடிப்பவன் இவனாம். இவன் வந்த நாள் தொட்டுக் கீழ் ஊர் வென்றதே இல்லையாம்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு ஒன்று விடாமல் சொன்னேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அயலூர்க்காரன் வேறை எப்பிடிச் சொல்லுவான்? பெடியனையும் சேர்த்தெல்லே திட்டுறான். அப்ப மேல் ஊர்க்காரர் அவனைத் தங்கடை ஆளா வைச்சிருக்கினம். நம்பாதவனைக் கயிற்றுக்குக் கடைசியிலை விடுவினமே? எனக்குச் சம்மதம்."

நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் தடியால் முகட்டில் இடித்தார். இடிக்கட்டும். அப்போதே அவரைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் பத்திரங்களைப் பற்றி, எந்தக் கட்டடத்தில் வீடு எடுப்பது என்பதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டேன். அப்பா கையைக் காட்டி மறித்தார்.

"அவன் இஞ்ச வரமாட்டான், பிள்ளை. அப்பிடி ஒரு இடம் கிடைச்சவன் விட்டிட்டு வருவானே? நீதான் போகவேணும்."

"ஓம், போறன்" என்றேன். மூச்சு விடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

அப்பா தலையாட்டினார். தனியே கனடாவுக்கு வந்து, ஐந்து வருசம் காத்திருந்து எங்களைக் கூப்பிட்டவர் அவர். நாங்கள் வந்து சேர்ந்து அப்போது இரண்டு வருசந்தான் ஆகியிருந்தது.